பிரஷர் ஏறும்போது சிறுநீரகம் ஏன் சொல்வதில்லை?

நம் அறக்கட்டளை மண்டபத்தில் அஸர் தொழுகைக்குப் பின் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை





நம் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வரும் மனுக்களில் முன்பெல்லாம் படிப்புச் செலவும் திருமணச் செலவும்தான் அதிகம் இருக்கும். இப்போது டயாலிசிஸ் மனு வராத மாதம் இல்லை. மனுவோடு இணைத்திருக்கும் மருத்துவச் சீட்டுகளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. பல வருடமாகப் பிரஷர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு வாங்கியது. போய்ப் பார்த்தால் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் ஒரு மனுவைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டோம். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு சகோதரர். சில வருடங்களுக்கு முன் நாம் நடத்திய பிரஷர் முகாமுக்கு வந்திருந்தார். அளந்து பார்த்ததில் 180/110. சீட்டில் எழுதிக் கொடுத்தோம். அவர் சிரித்துக்கொண்டே, “எனக்கு ஒண்ணும் செய்யலயே பாய், நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார். அதோடு அவரும் மறந்தார், நாமும் மறந்தோம். பிறகு அவருடைய மனைவி டயாலிசிஸ் மனுவோடு வந்தபோது பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். நம் கையெழுத்தில்தான் அந்த 180/110 இருந்தது. அந்தச் சகோதரி கோபப்படவில்லை. “அன்னிக்கே யாராச்சும் வீட்டுப் பக்கம் வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, புள்ளைங்களோட அத்தாவ நான் சும்மா விட்டிருக்க மாட்டேன் பாய்” என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தைக்கு நம்மிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கூட்டம். “எனக்கு ஒண்ணும் செய்யலயே” என்று அவர் சொன்னது பொய்யல்ல. உண்மையிலேயே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதை இன்று நாம் விளங்கிக்கொண்டால், நம் வீடுகளில் இன்னொருவர் அப்படிச் சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்பது தெரிந்துவிடும். நாம் மருத்துவர் இல்லை. மதரஸாவில் ஓதி, பிறகு கல்லூரியில் விலங்கியல் படித்தோம். அங்கே படித்ததையும், மனுதாரர்களோடு மருத்துவமனைகளில் காத்திருந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலில் சிறுநீரகத்தின் வேலையைப் பார்ப்போம். நம் முதுகுப் பக்கம், விலா எலும்புக்குக் கீழே, இடமும் வலமுமாக இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் நம் கைமுட்டி அளவுதான். ஆனால் இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்கே போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. நெஃப்ரான் என்பார்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் நூலைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் கொத்தாக, ஒரு முடிச்சு போல இருக்கும். அந்த முடிச்சில்தான் வடிகட்டுதல் நடக்கிறது.

ஒரு நாளைக்கு அங்கே வடிந்து இறங்கும் நீர் சுமார் 180 லிட்டர். அத்தனையும் வெளியே போனால் நாம் உயிரோடு இருக்க முடியாது. அதில் நூற்றுக்கு 99 பங்கைச் சிறுநீரகம் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. மிச்சம் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியேறுகிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரஷர் பத்து சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாடிப்படி ஏறினாலே, யாரோடாவது சத்தமாகப் பேசினாலே அவ்வளவு ஏறும். அதற்கேற்ப வடிகட்டும் அளவும் பத்து சதவீதம் ஏறினால், 180 லிட்டரோடு இன்னும் 18 லிட்டர் சேர்ந்துவிடும். திரும்ப உறிஞ்சும் அளவு மாறாமல் இருந்தால் நாளுக்கு 20 லிட்டர் அளவு சிறுநீர் போக வேண்டும். நம் வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் ஒன்று நிறைய! அப்படி நடப்பதில்லையே, ஏன்? பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும் வடிகட்டும் அளவை ஒரே நிலையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அல்லாஹ் சிறுநீரகத்துக்குள்ளேயே அமைத்திருக்கிறான்.

நம் பள்ளிவாசலில் ஒளு செய்யும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்போது குழாயில் தண்ணீர் வேகமாக வரும். உடனே மோதினார் போய் கேட் வால்வைக் கொஞ்சம் திருகிக் குறைப்பார். மோட்டார் நின்று வேகம் குறைந்தால் வால்வைத் திறந்துவிடுவார். வரிசையாக உட்கார்ந்து ஒளு செய்கிறவர்களுக்கு எப்போதும் ஒரே அளவு தண்ணீர் வரும். பின்னால் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. மோதினாருக்கு மட்டும்தான் தெரியும்.

சிறுநீரகத்தின் ஒவ்வொரு முடிச்சுக்கும் இப்படி இரண்டு வால்வுகள் உண்டு. இரத்தம் உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. இரண்டுமே தசையால் ஆனவை. சுருங்கவும் விரியவும் கூடியவை. உள்வழிக் குழாய் சுருங்கினால் முடிச்சுக்குள் அழுத்தம் குறையும். வெளிவழிக் குழாய் சுருங்கினால் இரத்தம் தேங்கி, முடிச்சுக்குள் அழுத்தம் கூடும்.

பிரஷர் ஏறும்போது நடப்பது இரண்டு காரியம். முதலாவது, உள்வழிக் குழாயின் சுவர் இழுபட்டதும் அதன் தசை தானாகவே இறுகிக்கொள்கிறது. சில நொடிகளில் இது நடந்துவிடும். இரத்தக் குழாய்க்கு இந்தக் குணம் உண்டு என்பதை 1902இல் வில்லியம் பேலிஸ் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் எடுத்துச் சொன்னார். இரண்டாவது இன்னும் ஆச்சரியமானது. முடிச்சிலிருந்து புறப்படும் சிறுநீர்க் குழாய் கீழே போய் வளைந்து, மேலே வந்து, தான் புறப்பட்ட அதே முடிச்சின் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. தொடும் இடத்தில் இருக்கும் செல்கள், போகும் நீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கின்றன. உப்பு அதிகம் வந்தால், ‘வடிகட்டுதல் கூடிவிட்டது’ என்று பொருள். உடனே உள்வழிக் குழாய்க்குச் செய்தி போகும், அது சுருங்கும்.

பிரஷர் குறைந்தால் இதற்கு எதிர்மாறு. உள்வழிக் குழாய் விரியும். அதன் சுவரில் இருக்கும் செல்கள் ரெனின் என்ற பொருளை இரத்தத்தில் விடும். 1898இல் ஸ்டாக்ஹோம் நகரில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகத்திலிருந்து கண்டுபிடித்தது இது. அந்த ரெனின் வழியாக ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உண்டாகி, வெளிவழிக் குழாயை இறுக்கிப் பிடிக்கும். முடிச்சுக்குள் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் தாங்கும்? மேல் பிரஷர், கீழ்ப் பிரஷர் இரண்டையும் வைத்து ‘சராசரி அழுத்தம்’ என்று ஒன்றைக் கணக்கிடுவார்கள். அது 80இலிருந்து 180 வரை எங்கே இருந்தாலும், ஆரோக்கியமான சிறுநீரகம் வடிகட்டும் அளவைப் பெரிதாக மாறவிடாது என்று பாடநூல்கள் சொல்கின்றன. 120/80 உள்ளவருக்குச் சராசரி சுமார் 93. நம் சகோதரருக்கு இருந்த 180/110இன் சராசரி சுமார் 133. அதுவும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

இப்போது விளங்குகிறதா? அவருக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்றால், அவருடைய சிறுநீரகம் இரவும் பகலும் வால்வை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. சிறுநீர் வழக்கம்போலப் போனது. இரத்தப் பரிசோதனையிலும் சரியாகவே காட்டியிருக்கும். “ஒண்ணும் செய்யல” என்று நாம் சொல்வதற்குப் பெயர் நோய் இல்லை என்பதல்ல. ‘இதுவரை சிறுநீரகம் தாங்கிக்கொண்டிருக்கிறது’ என்பதுதான்.

அப்படியானால் கெடுதி எங்கே வருகிறது? அந்த வால்விலேயே வருகிறது. வருடக்கணக்காக இறுகியே இருக்கும் உள்வழிக் குழாயின் சுவர் தடித்துப்போகிறது. உள்ளே இடைவெளி குறுகுகிறது. சில முடிச்சுகளுக்கு இரத்தமே சரியாகப் போவதில்லை. அவை சுருங்கித் தழும்பாகிவிடுகின்றன. செத்த நெஃப்ரான் மறுபடி முளைக்காது. இருக்கிற நெஃப்ரான்கள் அதன் வேலையையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதற்காக அவற்றின் உள்வழிக் குழாய் விரிந்துகொடுக்கிறது. விரிந்த வழியாகப் பிரஷர் முழுவதும் நேரே முடிச்சில் மோதுகிறது. வடிகட்டியின் கண் பெரிதாகி, போகக்கூடாத புரதம் சிறுநீரில் கசிகிறது. பிறகு அந்த முடிச்சும் கெடுகிறது. ஒன்று போனால் மற்றதற்குச் சுமை, சுமை கூடினால் இன்னொன்றும் போகிறது.

சர்க்கரை நோயும் சேர்ந்தால் நிலைமை மோசம். சர்க்கரை கூடுதலாக இருக்கும்போது உள்வழிக் குழாய் தானே விரிந்துகொள்கிறது. மோதினார் வால்வைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போனது போல. அதனால்தான் சுகரும் பிரஷரும் உள்ளவர்களை மருத்துவர்கள் இரு மடங்கு எச்சரிக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. இரத்தம் குறைவாக வரும் சிறுநீரகம், ‘உடம்பிலேயே பிரஷர் குறைந்துவிட்டது’ என்று எண்ணி ரெனினை விடுகிறது. அதனால் பிரஷர் இன்னும் ஏறுகிறது. 1934இல் அமெரிக்காவில் கோல்ட்பிளாட் என்ற மருத்துவர் நாய்களின் சிறுநீரக இரத்தக் குழாயைச் சிறிய கவ்வியால் நெருக்கி, பிரஷர் ஏறுவதை நிரூபித்துக் காட்டினார். ஆக, பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் பிரஷரை ஏற்றும்.

எப்போது தெரியும்? கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் தெரியும். ஆனால் வடிகட்டும் சக்தியில் பாதி போகும் வரைக்கும்கூட அது சரியான அளவிலேயே காட்டலாம். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பது. சிறு பாட்டிலில் கொஞ்சம் சிறுநீர் கொடுத்தால் போதும். பிரஷர் உள்ளவர்கள், சுகர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது கிரியேட்டினினோடு இதையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு: “பிரஷர் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்.” இந்த ஒரு பேச்சால் கெட்டவர்கள் எத்தனை பேரோ! எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற மாத்திரைகள் ஆஞ்சியோடென்சினின் பிடியைத் தளர்த்துகின்றன. வெளிவழிக் குழாய் விரிகிறது. முடிச்சுக்குள் தேங்கிய அழுத்தம் இறங்குகிறது. புரதக் கசிவு குறைகிறது. மிச்சமிருக்கும் நெஃப்ரான்கள் பிழைத்துக்கொள்கின்றன.

அழுத்தம் இறங்குவதால், மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். முப்பது சதவீதம் வரை ஏறுவதை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டு கவனித்து வருவார்கள். அதற்கு மேல் ஏறினால், அல்லது பொட்டாசியம் கூடினால், மாற்றுவார்கள். அதனால்தான் இரண்டு வாரத்துக்குள் மறுபடி இரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. இளம் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வகை மாத்திரைகள் கர்ப்ப காலத்தில் ஆகாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரை எது என்று கேட்டால், மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை. உள்வழிக் குழாயைத் திறந்து வைக்க உடம்பு சுரக்கும் ஒரு பொருளை இவை தடுத்துவிடுகின்றன. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில், பிரஷர் மாத்திரையோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் இதையும் சேர்த்துப் போட்டால், உள்ளே வருகிற வழி சுருங்கி, வெளியே போகிற வழி திறந்து, முடிச்சுக்குள் அழுத்தமே இல்லாமல் போய்விடும். இரண்டொரு நாளில் சிறுநீரகம் நின்றுபோன சம்பவங்கள் உண்டு. வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்தால் பிரஷர் மாத்திரையை அந்த இரண்டு நாள் என்ன செய்வது என்று உடனே மருத்துவரைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் முக்கியம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடை பிரியாணி எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஒரு தேக்கரண்டி. சோற்றில் மேலாக உப்புப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

ரமலானைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நோன்பு காலத்தில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது பெரிய தவறு. நோன்பு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்தால், இஃப்தாருக்கும் ஸஹருக்கும் ஏற்றபடி மாத்திரை நேரத்தை மாற்றித் தருவார்கள். சிறுநீரகம் ஏற்கனவே பலவீனமாக இருந்து, நோன்பு ஆகாது என்று மருத்துவர் சொன்னால், நம் ஹழ்ரத்திடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது என்பதை அவர்கள் விளக்குவார்கள்.

கடைசியாக, நம் பொறுப்பைச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் என்பது வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஆக 12 மணி நேரம். வாரத்தில் 168 மணி நேரமும் நிற்காமல் உழைத்த உறுப்பின் வேலையை அந்த 12 மணி நேரத்தில் இயந்திரம் செய்ய முயல்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு உதவி உண்டு. அதற்கு மனு எழுதவும் நாம் உதவுகிறோம். ஆனால் போக்குவரத்து, கூட வருகிறவரின் கூலி இழப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று மிச்சத்தை எந்தத் திட்டமும் முழுதாகத் தாங்காது. ஜகாத் நிதியிலிருந்து கொடுப்பதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் ஒரு மனிதருக்கு டயாலிசிஸ் செலவு கொடுப்பதைவிட, அவரை அந்த நாற்காலியில் உட்காரவிடாமல் செய்வதே பெரிய உதவி.

முன்பு நாம் முகாம் நடத்தினோம், சீட்டு எழுதினோம், புகைப்படம் எடுத்தோம், கலைந்தோம். அது நம் குறை. இனி அப்படி இல்லை. நிர்வாகக் குழு முடிவு செய்திருப்பது இதுதான். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு இதே மண்டபத்தில் பிரஷரும், சிறுநீரில் அல்புமினும் பார்க்கப்படும். வருகிறவர்கள் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகே அளப்போம். அதற்கு அரை மணி நேரம் முன்பு தேநீர், சிகரெட் வேண்டாம். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறொரு நாள் மறுபடி வரச் சொல்வோம். அன்றும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் அனுப்புவோம். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும், வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

முக்கியமானது அதற்குப் பிறகு. தெருவுக்கு ஒரு சகோதரர், ஒரு சகோதரி என்று பொறுப்பு கொடுத்திருக்கிறோம். பிரஷர் கூடுதலாக இருந்தவரின் வீட்டுக்கு இரண்டு வாரத்தில் அவர்கள் வருவார்கள். மருத்துவரைப் பார்த்தீர்களா, மாத்திரை கிடைக்கிறதா என்று கேட்பார்கள். 2021 முதல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பெயர் பதிவாகாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து கொடுப்போம். வீட்டுக்கு வருகிறவர்களைத் தொந்தரவு என்று எண்ணாதீர்கள். வீட்டு ஆள் இல்லாத நேரத்தில் வந்தால், சகோதரிகளே, நீங்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார்த்தை தம் வீட்டுக்கு வந்து சேராமல் போனதைத்தான் அந்தச் சகோதரி நம்மிடம் சொன்னார்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் அத்தாவிடமோ அம்மாவிடமோ, கணவரிடமோ கேளுங்கள்: “கடைசியா எப்ப பிரஷர் பார்த்தீங்க?” அவர்கள், “எனக்கு ஒண்ணும் செய்யலயே” என்று சொன்னால், இன்று கேட்ட பதிலைச் சொல்லுங்கள். உங்கள் சிறுநீரகம் சத்தமில்லாமல் வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதன் கை ஓய்வதற்குள் ஜும்ஆவுக்குப் பின் வந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று சொல்லி அழைத்து வாருங்கள்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களைக் கவனிக்கும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும், நமக்கெல்லாம் ஆஃபியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.